பெட்டி பிரிக்கையில் பக்கத்தில் இருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வேலையின் பொருட்டு ஓயாமல் ஊர் சுற்றும் அண்ணனுக்கோ தம்பிக்கோ அக்காளுக்கோ என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்கின்றன. ஐந்தும் நம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்தே வந்தவை. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 38. ஒரு பம்பு நிறுவனத்தில் சர்வீஸ் பொறியாளராக இருக்கிறான். மாதத்தில் பதினெட்டு, இருபது நாட்கள் வெளியூர்தான். ஒரு வாரம் ராஜ்கோட், அடுத்த வாரம் துபாய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கென்யா. சென்ற ஆண்டு பிறந்தநாளுக்கு ஏழாயிரம் ரூபாயில் பெரிய டிராலிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “நல்லா இருக்கு ஆச்சி” (எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்போம்) என்று வாங்கிக்கொண்டவன், அதை ஒரே ஒருமுறை எடுத்துப் போய்விட்டு, பரணில் ஏற்றி வைத்துவிட்டு, பழைய பையையே தூக்கிக்கொண்டு அலைகிறான். பிள்ளையார் நோன்புக்கு இவ்வாண்டு ஊருக்கு வருகிறான். பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கிற படைப்பு போன இரண்டு முறை நடந்தபோதும், தேதி தாமதமாகத் தெரிந்ததால், வரமுடியவில்லை என்று அவனுக்கும் வருத்தம், எங்களுக்கும் வருத்தம். ஐயாயிரம் ரூபாய்க்குள் அவனுக்கு உண்மையில் பயன்படும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பெட்டியைத் தம்பி பரணில் ஏற்றியதற்கு உங்கள் மீதுள்ள மனக்குறை எதுவும் காரணமாக இருக்காது; எடைக் கணக்குத்தான் காரணமாக இருக்கும். நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் போகிறவருக்குக் கையோடு 7 கிலோ, சரக்கில் 15 கிலோ என்பதே பெரும்பாலும் உள்ள அளவு. பெரிய டிராலிப் பெட்டி ஒன்று வெறுமையாக நிற்கும்போதே 4 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் தம்பியோ ஸ்பானரும் திருப்புளியும் சுமந்து போகிறவர். அவற்றைக் கையோடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் சரக்கில்தான் ஏறவேண்டும். அந்த 15 கிலோவில் கால் பங்கைப் பெட்டியே தின்றுவிட்டால், மிச்சத்தில் கருவிகளை வைப்பாரா, சட்டை வேட்டியை வைப்பாரா? பழைய துணிப்பை அழகில்லாததாக இருக்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் இராது.

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதும் அன்று. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன நம் முன்னோர் ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகளில் இருந்து தொழில் பார்த்தார்கள். கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். அதில் பல மார்க்காக்கள், அதாவது தொழில் நிலையங்கள், வரிசையாக இடம்பிடித்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டியும் அதன் முன்னே உட்கார ஒரு பாயும்தான். பகலில் அந்தப் பெட்டியடியே அலுவலகம், இரவில் அதன் பக்கத்திலேயே படுக்கை. மூன்று ஆண்டுக் கணக்கு முடியும் வரைக்கும் ஒருவருடைய சொந்தப் பொருள் அந்தப் பெட்டிக்குள் அடங்குவது எதுவோ அது மட்டுமே. எங்கள் அய்யா பினாங்குக்குக் கொண்டுபோன தகரப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கிறது. மூடியின் உட்புறம் ஒரு சிட்டை ஒட்டியிருக்கும், அதில் பதினேழு பொருள்களின் பெயர்கள் மட்டும் எழுதியிருக்கும். பதினெட்டாவதாக எதையாவது யாராவது கொடுத்திருந்தால் அவர் அதை என்ன செய்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

கொடுப்பது என்றாலே நமக்குத் திருமண வீட்டில் சாமான் பரப்புவதுதான் நினைவுக்கு வருகிறது. பட்டாலை நிறையப் பித்தளையும் வெள்ளியும் மங்குச் சாமானும் அடுக்கி, வந்தவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வைப்பது ஒருவகைக் கொடை. பயணிக்குக் கொடுப்பது அதற்கு நேர் எதிரான வகை. அதை யாரும் பார்க்கப்போவதில்லை. சுமப்பவர் மட்டுமே அறிவார். இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மும்பைக்கும் புனேக்கும் ஓடிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு, ஊர் நினைவாக இருக்கட்டுமே என்று ஆத்தங்குடிக் கல் ஒன்றைச் சட்டமிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் அவ்வூர் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. அழகில் குறையில்லை, எடையில் இரண்டு கிலோவுக்கு அருகில். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு கல்லுக்காக அவர் ஒரு ஜோடிக் காலணியையும் இரண்டு புத்தகங்களையும் ஊரிலேயே விட்டுப்போனார் என்பதை அண்ணியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தம்பி ஊருக்கு வந்து இறங்கிய அன்று, பெட்டி பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பிரிக்கிற பெட்டி அப்படிச் சொல்லாது. மடிப்புக் கலையாமல் திரும்பி வந்த பொருள் எது, இரண்டிரண்டாகக் கிடப்பது எது, ரப்பர் பேண்டு போட்டு ஒட்டவைத்தது எது, ஈரமாகவே வந்தது எது என்று பாருங்கள். இரண்டிரண்டாகக் கிடப்பதை ஒன்றாக்குவதும், ஒட்டவைத்ததற்கு நல்லது ஒன்றைத் தருவதும்தான் உங்கள் அன்பளிப்பு.

பொறியாளர்களின் பெட்டியில் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடப்பவை சார்ஜர்களும் வயர்களுமே. மடிக்கணினிக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, அலுவலகக் கைப்பேசிக்கு மற்றொன்று என்று மூன்று சார்ஜர்கள் இருக்குமானால், இரண்டு மூன்று டைப்-சி துளைகள் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று அம்மூன்றின் வேலையையும் செய்துவிடும். எடையும் பாதியாகக் குறையும். வாங்குமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். தம்பியின் மடிக்கணினி டைப்-சி வழியாக மின்னேற்றம் கொள்ளும் வகைதானா என்பது ஒன்று. பழையவை பலவும் கொள்ளா. சார்ஜரின் மேல் ‘100–240V’ என்று அச்சிட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. இருந்தால் எந்த நாட்டு மின்னழுத்தத்திலும் அது வேலை செய்யும்.

செருகியின் வடிவம் வேறு சங்கதி. ராஜ்கோட்டில் நம் வீட்டைப் போலவே உருண்டைக் கால்கள். துபாயிலும் கென்யாவிலும் மூன்று தட்டைக் கால்கள் கொண்ட, இங்கிலாந்தில் வழங்குகிற வகை. இரண்டு நாட்டுக்கும் ஒரே வகை என்பதால், உலகம் முழுமைக்கும் ஆகும் என்று விற்கிற கனத்த அடாப்டர் உங்கள் தம்பிக்குத் தேவையில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, அந்த ஒரு வகை அடாப்டர் இரண்டு போதும். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம், ஒன்றை எப்படியும் ஏதாவதொரு விடுதிச் சுவரிலேயே விட்டுவிட்டு வருவார் என்பதுதான். இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அடாப்டர் கால்களின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. நம் ஊரில் வாங்கிய 230 வோல்ட் மின்கெட்டிலை 120 வோல்ட் உள்ள அமெரிக்காவுக்குக் கொடுத்தனுப்பினால் அது கால் பங்கு வேகத்தில்தான் காயும். காப்பி குடிக்க நினைத்தவர் வெந்நீர் காய்வதற்குள் தூங்கிவிடுவார்.

சரக்கில் போடும் கருவிப் பையைப் பற்றித் தம்பிக்குக் கவலை இருக்குமானால், கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் சிறு வில்லை ஒன்றை அதற்குள் போட்டுக் கொடுக்கலாம். ஐபோன் வைத்திருப்பவருக்கு ஏர்டேக். ஆண்ட்ராய்டுக்கு வேறு வில்லைகள் கிடைக்கின்றன. ஐபோனுக்கு உரியது ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்குப் பயன்படாது என்பதால் கைப்பேசி எதுவென்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நாணயம் போன்ற பேட்டரி ஏறத்தாழ ஓராண்டு வரும்.

பணத்துக்கு வாங்குவது இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது படைப்பைப் பற்றிய அந்த ஒரு வரி. மாதத்தில் இருபது நாட்கள் வெளியே இருக்கிற ஒருவருக்கு வீட்டுத் தேதிகள் ஆறு மாதம் முன்னதாகத் தெரிவதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. பங்காளிகளைக் கேட்டுப் படைப்பு நாளை முன்கூட்டியே முடிவுசெய்யச் சொல்லுங்கள். அதனோடு நகரக் கோயில் திருவிழா, மழைக்கு முன் வீட்டுக்கு ஓடு மாற்றும் வாரம், அதில் உங்கள் தம்பியின் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) வரும் முறை, அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மருத்துவரிடம் போகும் நாட்கள் ஆகியவற்றை ஒரே அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, சார்ஜர் பெட்டியின் மேல் வைத்துக் கொடுங்கள். பிள்ளையார் நோன்பைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள் என்று கணக்கு இருப்பதால் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம். அந்த மருத்துவர் நாட்களுக்கு எதிரே, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உங்கள் பெயரை எழுதிவிட்டீர்களானால், உங்கள் தம்பி எந்த ஊரில் இருந்தாலும் அந்த அட்டையை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்.

நோன்பன்று வெளியூரில் இருக்க நேர்ந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருபத்தோரு இழைத் திரியையும் மாவையும் சிலர் கட்டிக் கொடுப்பதுண்டு. கொடுக்கலாம்; ஆனால் விடுதி அறையில் திரியைக் கொளுத்தி இழை எடுக்கவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். கூரையில் இருக்கிற புகை உணர்கருவிக்கு நோன்பும் தெரியாது, பிள்ளையாரும் தெரியாது. அந்த ஊரில் நம்மவர் கூடி இழை எடுக்கிற இடம் இருந்தால் அங்கே போவதே நல்லது.

கேள்வி: எங்கள் ஆச்சி வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறார்கள், வயது 54. மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கிளைக்கு ரயிலில் போய்க்கொண்டிருப்பார்கள். பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. மூவாயிரம் ரூபாய்க்குள் கழுத்துத் தலையணை வாங்குவதா, இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வாங்குவதா என்று எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வாரமாக வாதம் நடக்கிறது. கண்டாங்கிச் சேலை எடுக்கலாம் என்கிறார்கள் எங்கள் ஆத்தா. தீர்ப்புச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் இருவருமே தோற்றீர்கள். கழுத்துத் தலையணை உட்கார்ந்தே தூங்குகிறவருக்கு உரியது. பேருந்திலும் விமானத்திலும் உதவும். ரயிலில் படுக்கை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் தலையணையும் போர்வையும் இரயில்வேயே தருகிறது. இரைச்சலை அடக்கும் ஹெட்போன், ஒரே சீராக முழங்கும் ஓசையை நன்றாக அடக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் கைப்பேசியில் உரக்கப் பேசுவதை அவ்வளவாக அடக்காது, ரயிலில் தொல்லையோ அதுதான். தனியாகப் பயணம் செய்கிற பெண் ஒருவர், இரவில் தம் காதை முழுவதும் அடைத்துக்கொள்ள விரும்புவாரா என்பதையும் நீங்கள் இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கண்டாங்கியைப் பற்றி ஆத்தா சொன்னதைத் தள்ள எனக்கு மனமில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகன்ற கரையும் கட்டமும், அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக, எங்கே உடுத்திப் போனாலும் இன்ன ஊர்க்காரர் என்று சொல்லிவிடும் சேலை. ஆனால் அது கனத்த பருத்தி. மடித்துப் பெட்டியில் வைத்தால் கசங்கும். துவைத்தால் ஓர் இரவில் விடுதி அறையில் உலராது. ஆச்சி இப்போதே பயணங்களுக்குப் பருத்திச் சேலை கொண்டுபோகிறவர்களாக இருந்தால் தயங்காமல் எடுங்கள். சிந்தெடிக் சேலைகளையே மடித்து வைக்கிறவர்களாக இருந்தால், கண்டாங்கியை ஊரில் உடுத்தும் சேலையாகப் பொங்கலுக்கு எடுத்துக் கொடுங்கள். பயணத்துக்கு என்று சொல்லிக் கொடுக்கவேண்டாம்.

பயணத்துக்கு நான் சொல்வது மூன்று சிறு பொருள்கள். முதலாவது ஈரிழைத் துண்டு, இரண்டு. பூந்துண்டு என்று நாம் வாங்குகிற பஞ்சுத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. இரவில் கொடியில் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும். ஈரத்துண்டைப் பாலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு ஓடுகிற தொல்லை, அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்குத்தான் தெரியும். விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

இரண்டாவது 10,000 எம்.ஏ.எச். அளவுள்ள நல்ல பவர் பேங்க். ரயில் பெட்டிகளில் மின்செருகி இருந்தாலும் அது எல்லாப் படுக்கைக்கும் எட்டுவதில்லை. பல ரயில்களில் இரவில் அதன் இணைப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆச்சி எப்போதாவது விமானத்தில் போவதாக இருந்தால், பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கையோடு கொண்டுபோவதற்கும் 100 வாட்-மணி வரைதான் தடையில்லை, 20,000 எம்.ஏ.எச். உள்ளதே ஏறத்தாழ 74 வாட்-மணி என்பதால் உங்களுடையது வரம்புக்கு வெகு உள்ளேதான் இருக்கும். வாட்-மணி அளவு அழியாமல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எழுத்து அழிந்துபோனதைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டால் வாதிட முடியாது. சீனாவுக்கு அலுவலாகப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி: அந்நாட்டு உள்நாட்டு விமானங்களில், சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28 முதல் அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, கீழ்ப்படுக்கைக்கு அடியில் பெட்டியைக் கட்டுகிற சங்கிலியும் பூட்டும். ஆச்சியிடம் நிச்சயம் ஒன்று இருக்கும். அது துருப்பிடித்தும் இருக்கும். கண்டாங்கிக்குக் குறியீடு கிடைத்த அதே ஆண்டில்தான் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது, எனவே ஊர்ப்பெருமையும் குறையாது. மாங்காய்ப் பூட்டு வேண்டாம். அது கதவுக்கு ஆனது. உள்ளங்கைக்குள் மறைகிற சிறியது போதும், இரண்டு சாவிகளில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அண்ணன் மாதம் ஒருமுறை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மாறி மாறிப் போகிறார். அங்கே அடுக்களையுடன் கூடிய அறையில் தங்கித் தாமே சமைத்துக்கொள்கிறார். எதைக் கொடுத்தாலும் “சாப்பாட்டுச் சாமானாகக் கொடு” என்கிறார். ஆத்தா கைப்பக்குவத்தில் மசாலாப் பொடி, பலகாரம், ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாகக் கட்டிக் கொடுக்க எண்ணுகிறேன். கவனிக்கவேண்டியது ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்: உண்டு, நல்லவேளையாகக் கேட்டீர்கள். உங்கள் ஆத்தாவின் மசாலாவில் கசகசா போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். நம் குழம்புப் பொடியில் கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் பொதுவாகத் தடையின்றிப் போகும், கசகசா போகாது. அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் அதைப் போதைப்பொருள் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். உங்கள் அண்ணன் போகிற இரண்டு ஊருமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தனியாக ஒரு பொட்டலம் கசகசா மட்டுமன்று, அதை அரைத்துச் சேர்த்த பொடியையும் கொடுக்கவேண்டாம். குழம்பு கெட்டிப்படுவதற்குத்தானே அது? முந்திரியோ பொட்டுக்கடலையோ அங்கேயே வாங்கி அரைத்துவிட்டுக்கொள்ளட்டும். ஆத்தா ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ருசி போய்விடும் என்பார்கள். ருசி சற்றுக் குறைவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதோடு சேர்த்து மருந்துப் பொட்டலத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உணவுப் பெட்டியின் ஓரத்தில் இருமல் மருந்து ஒன்றைச் செருகி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அண்ணன் உட்கொள்ளும் மருந்து எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு அவரே எடுத்துப் போகட்டும்; நீங்கள் கொடுக்கும் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஊறுகாய், நெய், எண்ணெய் மூன்றையும் விமானப் பாதுகாப்பில் திரவம் என்றே கொள்வார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி ஏறாது என்பதால் சரக்கில்தான் போடவேண்டும், சரக்கில் போட்டால் கசியும் என்று எதிர்பார்த்தே கட்டவேண்டும். எண்ணெய் ஊறுகாய் ஒரு சட்டையில் ஏறினால் அந்தச் சட்டையை மறந்துவிடலாம். மாங்காய் ஊறுகாய்க்குப் பதிலாக உப்பிட்டுக் காயவைத்த மாவத்தலும் கொத்தவரங்காய் வத்தலும் கொடுங்கள். எடையும் இல்லை, கசிவும் இல்லை. கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் ஏற்ற விடுவதில்லை.

பலகாரத்தில் தேன்குழலும் மணகோலமும் சீப்புச்சீடையும் நம்பிக் கொடுக்கலாம். காற்றுப் புகாமல் கட்டினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். சீப்புச்சீடையை நொறுங்காமல் கொண்டுசேர்க்க வட்டமான தகர டப்பா வேண்டும். அதிரசமும் கந்தரப்பமும் பெட்டியில் எண்ணெய் விடும். அவற்றை ஊரில் இருக்கும்போதே தின்னச் சொல்லுங்கள். மிகுதியாகக் கொடுக்கவேண்டியது பருப்புப் பொடி. வெறும் சோறும் நெய்யும் கிடைத்தால் போதும், இரவு பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவருக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. கால் கிலோவை ஒரே பொட்டலமாகக் கட்டாமல் ஒருவேளைக்கு ஒன்றாகச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பது என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். மஞ்சள் நிறப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்கிற சுங்க அதிகாரிக்கு, “அது பருப்புப் பொடி” என்று தமிழில் எழுதியிருப்பது உதவாது.

அண்ணனின் பயணம் வேறு திசைக்கு மாறினால் விதியும் மாறும். ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருள் எது இருந்தாலும் இறங்கியதும் படிவத்தில் அறிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் தண்டம் கடுமையானது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நாம் கொண்டுபோகும் பால்பொருளையும் இறைச்சியையும் விடுவதில்லை. திரட்டுப்பாலும் உப்புக்கண்டமும் அப்பக்கம் போகவே போகா.

கேள்வி: பொருளாக வாங்காமல் அண்ணனுக்குப் பணமாகவே கொடுத்துவிடலாமா? உடன்பிறந்தவர் கொடுக்கும் பணத்துக்கு வரி உண்டா? அவர் ஆண்டுக்குப் பதினைந்து முறை வெளிநாடு போகிறவர்.
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: வருமானவரிச் சட்டப்படி உடன்பிறந்தாரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்குகிறவர் வரி கட்டவேண்டியதில்லை. கொடுக்கலாம். ஆனால் பதினைந்து முறை என்று எழுதியிருக்கிறீர்களே, அவருடைய பாஸ்போர்ட்டில் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று கேட்டீர்களா? சாதாரணமாகக் கொடுப்பது 36 பக்கம். அடிக்கடி போகிறவர்களுக்கு 60 பக்கப் பாஸ்போர்ட்டும் உண்டு. சாதாரண முறையில் முன்னதற்குக் கட்டணம் 1,500 ரூபாய், பின்னதற்கு 2,000 ரூபாய். பல நாடுகள் காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்கின்றன. அதைக் கடைசி வாரத்தில் கவனித்துப் பதறுகிறவர்கள் ஏராளம். அவர் ஊரில் இருக்கும் வாரமாகப் பார்த்து, விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணத்தைக் கட்டி, சந்திப்பு நேரத்தையும் வாங்கி வைத்து, நேரில் போவதை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம்தான்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. என் அண்ணன் மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. வாரம் முழுவதும் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், மாதத்துக்கு இரண்டு முறை விமானத்தில் ஹைதராபாத். சேர்த்துவைத்த பணம் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. ஓலைக் கொட்டான் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: கொட்டான் வாங்கலாம், ஆனால் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதற்காக அன்று. பனையோலையில் பின்னி வண்ண நூலும் மணியும் கோத்த கொட்டான், புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கைவேலை. அது பெட்டியில் நசுங்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் வண்டிச் சாவி, அடையாள அட்டை, சார்ஜர், சில்லறை எல்லாவற்றையும் போடுவதற்கு முகப்பில் ஒரு கொட்டானை வையுங்கள். அடுத்த நாள் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறபோது “என் சாவி எங்கே” என்று வீடே எழும்புவது நிற்கும். சிறிய கொட்டான் உங்கள் தொகையில் ஒரு பகுதிக்குள் கிடைக்கும்.

மிச்சப் பணத்தைக் கொண்டு, கையில் தூக்கிப் பிடித்துப் பெட்டியை நிறுக்கிற சிறு மின்னணுத் தராசு ஒன்று வாங்குங்கள். 50 கிலோ வரை நிறுக்கும், கைப்பிடிக்குள் அடங்கும். மருந்து மாதிரிகளும் விளம்பரத் தாள்களும் சுமக்கிற பிரதிநிதிக்கு, விமான நிலையத்தில் வரிசையில் நின்றபடி பெட்டியைத் திறந்து எல்லாரும் பார்க்கச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொள்கிற நிலைமை அதனால் வராது. பேட்டரி சேர்த்து விற்கிறார்களா என்று பார்த்து வாங்கி, அதைப் போட்டு, உங்கள் வீட்டில் உள்ள ஐந்து கிலோ அரிசிப் பையை ஒருமுறை தூக்கி எடைபார்த்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு உறையில் வைத்துக் கட்டுங்கள்.